ஆசிரியர்களுக்கு ஆசிரியை: மரியா மாண்டிசோரி அம்மையார்



நம் பங்கில் ஆசிரியர் இல்லாத தெரு அரிது. காலையில் தாம்பரம் நிலையத்தில் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்போரைப் பாருங்கள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் திருத்தி முடித்த நோட்டுக் கட்டு என்று நிற்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் எவரைக் கேட்டாலும் ஒரு நாளைப் பற்றிச் சொல்வார்கள். அதுதான் மேலதிகாரி பள்ளியைப் பார்வையிட வரும் நாள்.

அந்நாளின் கோலம் நாம் அனைவரும் அறிந்ததே. முதல் நாளே ஒட்டடை அடிக்கப்படும். சுவரில் புதிய படங்கள் ஏறும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முன் பெஞ்சுக்கு வருவார்கள். நடத்தி முடித்த பாடமே மீண்டும் ஒருமுறை அழகாக நடத்தப்படும். பாடக் குறிப்பேடு நாள் தவறாமல் எழுதப்பட்டிருக்கும். அதிகாரி வருவார், இரண்டு கேள்வி கேட்பார், கையெழுத்திடுவார், போய்விடுவார். ஆசிரியர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். மறுநாள் எல்லாம் பழையபடி நடக்கும்.

வந்தவர் யாருக்காக வந்தார்? ஆசிரியரைப் பிடிக்கவா, அல்லது அவரைத் தூக்கி விடவா? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சிந்தித்த ஒரு பெண்மணி இருந்தார். உலகப் புகழ் பெற்றவர், கத்தோலிக்கத் திருச்சபையின் மகள், நம் அடையாற்றங்கரையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கி ஆசிரியர்களை உருவாக்கியவர். அவர்தாம் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் பெயரைத் தாங்கிய பாலர் பள்ளிகள் இன்று நம் புறநகரில் பல உள்ளன. ஆயினும் அவரைக் குழந்தைகளின் ஆசிரியையாக அறிந்த அளவுக்கு, ஆசிரியர்களின் ஆசிரியையாக நம்மில் பலர் அறியோம். அந்தப் பக்கத்தை இவ்விழா மலரில் சற்று விரித்துக் கூற விழைகிறோம்.

மருத்துவராகத் தொடங்கிய வாழ்வு

1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், இத்தாலி நாட்டில் அங்கோனா மாநிலத்தைச் சேர்ந்த கியாராவல்லே என்னும் சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை அலெஸ்ஸாந்திரோ அரசு அலுவலர். தாயார் ரெனில்தே கல்வியில் பெருவிருப்பம் உடையவர். பெண்கள் மருத்துவம் படிப்பதைச் சமூகம் ஏளனமாகப் பார்த்த காலம் அது. தந்தைக்கும் அதில் மனமில்லை. தாயாரோ மகளின் பக்கம் நின்றார். 1896-இல் ரோமைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவராக மரியா வெளிவந்தார்.

மருத்துவப் பணியின் பொருட்டு ரோமையில் மனநோயாளர் இல்லங்களுக்குச் சென்றபோது, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் அங்கே பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். இவர்களுக்கு வேண்டியது மருந்தைக் காட்டிலும் கல்வியே என்ற முடிவுக்கு வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகென் ஆகியோரின் நூல்களைக் கருத்தூன்றிப் படித்தார். 1900-இல் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ரோமையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் இருவரில் மரியாவும் ஒருவர். பகல் முழுவதும் குழந்தைகளோடு இருப்பார். மாலையில் அன்று கண்டவற்றைக் குறித்து வைப்பார். ஆசிரியர்களுக்கு வழி சொல்வார். ஆகவே ஆசிரியரை வளர்க்கும் பணி அவருக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று. தொடக்கத்திலேயே குழந்தையும் ஆசிரியரும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள்.

அந்தக் குழந்தைகளுள் சிலர் பொதுத் தேர்வு எழுதித் தேறினர். ஊரே வியந்தது. மரியாவுக்கோ வேறோர் எண்ணம் எழுந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடியுமானால், நலமாயுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கின்றன என்று அவர் மனம் வருந்தினார்.

இக்காலத்தில் அவர் தனிவாழ்விலும் ஒரு சிலுவை இருந்தது. 1898-இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணம் கைகூடவில்லை. அக்காலச் சமூகத்தில் அம்மகனைத் தம்மோடு வைத்து வளர்க்க இயலாமல், நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளரவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின், தம் தாயார் 1912-இல் இறந்த பிறகே மகனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அந்த மாரியோவே பின்னாளில் தாயின் வலக்கரமாக விளங்கினார்.

மூன்று அரசர்கள் திருநாளில் திறந்த கதவு

ரோமையில் சான் லொரென்சோ என்பது அந்நாளில் ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டிட நிறுவனம் குடியிருப்புகளைப் புதுப்பித்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் படிக்கட்டில் விளையாடிச் சுவரைப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதே நிறுவனத்தின் கவலை. பொறுப்பு மரியாவிடம் வந்தது. 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சுமார் ஐம்பது பிள்ளைகள் அழுதுகொண்டும் மிரண்டுகொண்டும் வந்து சேர்ந்தனர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மரியா அந்த இல்லத்தின் அன்றாட ஆசிரியை அல்லர். அவருக்கு மருத்துவப் பணியும் பல்கலைக்கழக வேலையும் இருந்தன. தினமும் பிள்ளைகளோடு இருந்தவர், அந்தக் குடியிருப்பிலேயே வாழ்ந்த எளிய பெண் ஒருவர். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாதவர். மரியா அவ்வப்போது வந்து பார்த்தார். நாம் இன்று பள்ளி மேற்பார்வை என்கிறோமே, அந்தப் பணியைத்தான் அவர் செய்தார். மாண்டிசோரி முறை என்று உலகம் கொண்டாடும் அனைத்தும், ஒரு சாதாரண ஆசிரியையின் வகுப்பை மற்றொருவர் அன்போடும் கூர்மையோடும் கவனித்ததால் பிறந்தவை.

அந்தப் பெண்ணுக்கு அவர் நீண்ட கட்டளைப் பட்டியல் எதையும் கொடுக்கவில்லை. சில சாதனங்களை எப்படிப் பிள்ளைகள் முன் வைப்பது என்று மட்டும் செய்து காட்டினார். பிறகு நடப்பது என்ன என்று பார்த்தார்.

ஒருநாள் அந்த ஆசிரியை நேரங்கழித்து வந்தார். முதல் நாள் அலமாரியைப் பூட்டவும் மறந்திருந்தார். வந்து பார்த்தால், பிள்ளைகள் அலமாரியைத் திறந்து சாதனங்களை எடுத்துக்கொண்டிருந்தனர். அவருக்குக் கோபம் வந்தது. இது திருட்டு, தண்டிக்க வேண்டும் என்றே எண்ணினார். வேறு மேற்பார்வையாளராக இருந்தால் என்ன செய்திருப்பார்? நேரங்கழித்து வந்ததற்கு ஒரு மெமோ, பூட்ட மறந்ததற்கு இன்னொரு மெமோ! மரியா பிள்ளைகளைப் பார்த்தார். தமக்கு வேண்டிய பொருள் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, தாமே தேர்ந்தெடுக்க முடிகிறது என்று கண்டார். பூட்டிய உயரமான அலமாரிகள் போய், பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன. ஆசிரியை செய்த ஒரு பிழை, உலகப் பள்ளிகளின் அமைப்பையே மாற்றிய கண்டுபிடிப்பாயிற்று.

மற்றொரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மரியா எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைப் பாடவும் ஆடவும் செய்யுமாறு ஆசிரியையிடம் கூறினார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்து முடித்த பின்பே, இனிய துயிலினின்று எழுந்தவள்போல் முகமலர்ச்சியோடு நிறுத்தினாள். சிறு பிள்ளைகளால் ஒன்றில் மனம் ஊன்ற முடியாது என்பதே அந்நாளைய நம்பிக்கை. அது பொய்யானது எண்ணிப் பார்த்ததால்தான். கருத்துச் சொல்லுமுன் எண்ணிக்கை எடு என்பது மேற்பார்வையாளருக்கு இதிலுள்ள பாடம்.

மூன்றாவது நிகழ்ச்சி சிரிப்பூட்டுவது போலிருக்கும், ஆனால் ஆழமானது. மூக்கைச் சிந்துவது எப்படி என்று ஒருநாள் மரியா பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, ஓசையின்றி எப்படித் துடைப்பது என்று மெல்லச் செய்து காட்டினார். பிள்ளைகள் கூர்ந்து பார்த்தனர். முடிந்ததும் அனைவரும் கைதட்டி ஆரவாரம் செய்தனர். மரியா திகைத்தார். பிறகே விளங்கியது. மூக்கு ஒழுகுகிறது என்று அப்பிள்ளைகளை நாளெல்லாம் ஏசியவர் பலர். எப்படித் துடைப்பது என்று மரியாதையோடு காட்டிக் கொடுத்தவர் அன்றுவரை ஒருவரும் இல்லை. நம் ஆசிரியர்களின் நிலையும் இதுவே அல்லவா? வகுப்பில் சத்தம் அதிகம், கையெழுத்து மோசம், தேர்ச்சி குறைவு என்று சொல்வோர் பலர். எப்படிச் செய்வது என்று அருகிருந்து காட்டுவோர் எத்தனை பேர்?

ஊட்டியில் பிறந்த சபையும் உரோமையின் அனாதைகளும்

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இத்தாலியின் மெசினா நகரைக் கொடிய நிலநடுக்கம் அழித்தது. பெற்றோரை இழந்த பல குழந்தைகள் ரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, மரியாளின் பிரான்சிஸ்கன் மறைப்பணிச் சகோதரிகளின் மடத்தில் சேர்க்கப்பட்டனர். அச்சபை நம் தமிழகத்திற்கு அயலானதன்று. 1877-இல் ஊட்டியிலேயே அது தோன்றியது. நம் சென்னையில் 1947-இல் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியவர்களும் அச்சகோதரிகளே.

பேசாமலும் உண்ணாமலும் அச்சத்தால் உறைந்திருந்த அந்தக் குழந்தைகளுக்காக மடத்தில் மாண்டிசோரி வகுப்பு தொடங்கப்பட்டது. உணவு மேசையை அழகுற வைப்பது, தட்டைச் சிந்தாமல் ஏந்தி வருவது போன்ற சிறு வேலைகளில் பிள்ளைகள் ஈடுபட்டனர். மெல்ல மெல்ல அவர்கள் முகத்தில் சிரிப்புத் திரும்பியது. அம்மடத்திலேயே ஆசிரியைகளுக்கான பயிற்சியும் நடைபெற்றது. 1909-இல் சித்தா டி காஸ்தெல்லோ நகரில் முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பை மரியா நடத்தினார். அவ்வாண்டே தம் முறையை விளக்கும் நூலையும் வெளியிட்டார். 1913-இல் பல நாட்டவர் கலந்துகொண்ட முதல் பன்னாட்டுப் பயிற்சி ரோமையில் நடந்தது. 1915-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர்களால் ஒரு வகுப்பறை அமைக்கப்பட்டது. வெளியே மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். உள்ளே பிள்ளைகள் தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர். பார்வையிடுவோர் வகுப்பைக் குலைக்காமல் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சியாயிற்று.

1918-இல் திருத்தந்தை 15-ஆம் ஆசீர்வாதப்பர் அம்மையாரைச் சந்தித்து, அவர் பணிக்கு ஆசி வழங்கினார். பார்சலோனா நகரில் அவர் பணியாற்றிய காலத்தில், சிறுவருக்கென்றே தாழ்வான இருக்கைகளோடு செபக்கூடம் அமைத்து, திருப்பலியையும் திருவழிபாட்டு ஆண்டையும் அவர்கள் கைகளால் தொட்டுக் கற்கும் வழியை வகுத்தார். இன்று மறைக்கல்வி ஆசிரியர்கள் பலர் பின்பற்றும் செயல்வழி முறைகளுக்கு அது ஒரு முன்னோடி எனலாம்.

ஆசிரியரின் உள்ளம்

ஆசிரியரை வளர்ப்பது பற்றி அம்மையார் கொண்டிருந்த கருத்து என்ன? பாடம் நடத்தும் உத்திகளை மட்டும் கற்றால் போதாது, உள்ளமும் ஆயத்தமாக வேண்டும் என்றார். ஆசிரியரைப் பிடிக்கும் பெரிய நோய்கள் இரண்டு என்று கண்டார். ஒன்று கோபம், மற்றது செருக்கு. பெரியவர்களிடம் நாம் கோபத்தைக் காட்டினால் அவர்கள் திருப்பித் தருவார்கள், ஆகவே அடக்கிக்கொள்கிறோம். குழந்தைகள் முன்போ தடையில்லை. நாம் சொன்னதே சட்டம். வகுப்பறையில் தனியாக இருக்கும் ஆசிரியர், தம்மை அறியாமலே சிறு அரசராகிவிடுகிறார்.

பாவசங்கீர்த்தனத்திற்கு முன் ஆத்தும சோதனை செய்யும் நமக்கு இது புதிதன்று. ஆனால் அம்மையார் மேலும் ஒரு படி சென்றார். தன்னைத் தானே சோதிப்பது மட்டும் போதாது, நம் முதுகில் உள்ள அழுக்கை நாமே காண இயலாது, வெளியிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டும், அவருடைய உதவியை ஏற்கும் பணிவும் வேண்டும் என்று வற்புறுத்தினார். மேற்பார்வையின் தேவையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. மேற்பார்வையாளர் நீதிபதி அல்லர். நம் கண்ணுக்கு எட்டாததைப் பார்த்துச் சொல்லும் தோழர்.

அவருடைய பயிற்சி முறையும் இதற்கேற்பவே அமைந்தது. பயிற்சி பெறுவோர் முதலில் வகுப்பறையின் ஓரத்தில் வாய்திறவாது அமர்ந்து, குழந்தைகள் செய்வதை மணிக்கணக்கில் பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு சாதனத்தையும் தம் கையாலேயே பலமுறை பயன்படுத்திப் பழக வேண்டும். கற்ற ஒவ்வொன்றையும் படத்தோடு தாமே குறிப்பேடாக எழுதித் தொகுக்க வேண்டும். அச்சிட்ட குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டால் ஆகாது. பார்ப்பதற்குக் கற்றவரே நடத்துவதற்குத் தகுதி பெற்றார்.

அடையாற்றங்கரையில்

1931-இல் காந்தியடிகள் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றிருந்தபோது, அம்மையாரின் ஆசிரியர் பயிற்சிக் கூடத்திற்கு வருகை தந்து உரையாற்றினார். அதே ஆண்டில்தான் நம் தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. இவ்வாறு நம் பகுதி கல்விக்கு முகம் திருப்பிய அந்த ஆண்டுகளில், ஐரோப்பாவில் அம்மையாருக்குக் கதவுகள் அடைபட்டுக்கொண்டிருந்தன. 1924 முதல் முசோலினியின் அரசு அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றார். அது தவறான நட்பு என்று காலம் காட்டியது. பள்ளிகளைத் தன் கைப்பாவையாக்க அரசு முனைந்தபோது உறவு முறிந்து, 1934-இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் அதே கதி. 1936-இல் உள்நாட்டுப் போரால் ஸ்பெயினை விட்டும் வெளியேறி, ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்தார்.

அந்நிலையில் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அவர்களின் அழைப்பு வந்தது. 1939 நவம்பரில், தம் 69-ஆம் வயதில், மகன் மாரியோவுடன் அம்மையார் சென்னை வந்து சேர்ந்தார். நம் முடிச்சூர்ப் பக்கமாக ஓடிவரும் அடையாறு கடலோடு கலக்கும் இடத்தருகே, ஆல்காட் தோட்டத்தின் ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேர் போல் வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

சில மாதங்கள் தங்கித் திரும்புவதாகவே திட்டம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் அனைவரும் பகை நாட்டவராயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று ஆணை வந்தது. மொழி தெரியாத நாட்டில், எழுபதை எட்டும் வயதில், தம் குரலாக இருந்த மகனையும் பிரிந்தார் அந்தத் தாய். ஆகஸ்டு 31-ஆம் நாள், அவருடைய 70-ஆவது பிறந்தநாள் பரிசாக, வைசிராய் மாரியோவை விடுவித்துத் தாயிடம் அனுப்பி வைத்தார்.

போர் முடியும்வரை இந்தியாவே அவர் இல்லமாயிற்று. 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் வைத்து, செடி கொடி, பூச்சி, கல், விண்மீன் என்று படைப்பு அனைத்தையும் ஒன்றோடொன்று இணைத்துக் கற்பிக்கும் வழியை உருவாக்கினார். அகமதாபாத், கராச்சி, இலங்கை ஆகிய இடங்களிலும் பயிற்சி நடத்தினார். நம் தாய்மார் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கடைக்கும் கோவிலுக்கும் செல்வதையும், பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தபடி வளர்வதையும் அவர் வியந்து கவனித்தார். பிறந்தது முதலே குழந்தை சூழலை உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவருடைய கருத்து இங்கே முதிர்ந்தது. அக்கருத்தை விளக்கும் புகழ்பெற்ற நூல் 1949-இல் அடையாற்றிலேயே அச்சாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இந்நாட்டில் அவரிடம் பயின்றனர் என்பர்.

பிரம்மஞான சபையினரிடம் தங்கியதால் அவருடைய விசுவாசத்தைப் பற்றிச் சிலர் ஐயுற்றதுண்டு. எச்சமயத்துப் பிள்ளைக்கும் உரியதே தம் பணி என்பதில் அவர் உறுதியாயிருந்தார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்தின் நூர்ட்விக் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்து, அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய நூற்றாண்டான 1970-இல் நம் அஞ்சல்துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

நமக்கு என்ன பாடம்?

நம் சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். எத்தனை பேர் தேறினர் என்பதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். பிள்ளை தடுமாறினால் பள்ளியின் வருவாய் குறையும். ஆசிரியர் என்ன செய்வார்? மனப்பாடம் ஒன்றையே நம்பினார். 1904-இல் இந்திய அரசின் கல்வித் தீர்மானமே இம்முறையைக் கைவிடச் சொன்னது. முறை போயிற்று, ஆனால் அந்த அச்சம் நம் பள்ளிகளின் சுவர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சத்தில் இருக்கும் ஆசிரியர் தம் குறையை மறைப்பார். மறைத்த குறையை எவராலும் திருத்த இயலாது.

2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கியபோது, பிள்ளைகளோடு ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். அட்டைகளும் சாதனங்களும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கப்பட்டன. அதில் மாண்டிசோரி அம்மையாரின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிதோறும் சென்று உதவுவதும் இந்த நூற்றாண்டில் நம் மாநிலம் கண்ட ஏற்பாடே. ஆனால் ஏற்பாடு எதுவாயினும், படிவம் நிரப்பவே அவர்களுக்கு நேரம் போதுமென்றால் பயன் குன்றும். உட்கார்ந்து பார்க்க நேரம் வேண்டும்.

அம்மையாரிடமும் குறை இருந்தது. தம்மிடம் பயின்றோர் வகுப்பு நடத்தலாம், ஆனால் பிற ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் உரிமையைத் தம் இசைவின்றி எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாயிருந்தார். முறை சிதைந்துவிடும் என்ற கவலை அதற்குக் காரணம். ஆயினும் அதனாலேயே அமெரிக்காவிலும் பிறவிடங்களிலும் உற்ற தோழர்கள் சிலர் பிரிந்தனர். குழந்தையைத் தானே நடக்க விடுங்கள் என்று கற்பித்தவருக்கே, தம் மாணவ ஆசிரியர்களைத் தனியே நடக்க விடுவது கடினமாயிருந்தது! வளர்த்து விட்டவரைச் சுதந்திரமாக விடுவதே மேற்பார்வையின் கடைசிப் படி. அது பெரியோர்க்கும் எளிதன்று.

நம் பங்குகளில் பள்ளித் தாளாளர்களாகப் பொறுப்பேற்கும் குருக்கள் உள்ளனர். தலைமையாசிரியைகளான அருட்சகோதரிகள் உள்ளனர். துறைத் தலைவர்களும் மூத்த ஆசிரியர்களும் உள்ளனர். அம்மையாரின் வாழ்வு அவர்களுக்குச் சில எளிய வழிகளைக் காட்டுகிறது. இளம் ஆசிரியை ஒருவரின் வகுப்பில், முன்னரே சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் அரைமணி நேரம் அமைதியாக அமருங்கள். ஆசிரியையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். எத்தனை பேர் கேள்வி கேட்டனர், எத்தனை பேர் வாயே திறக்கவில்லை, எந்த நிமிடத்தில் கவனம் சிதறியது என்று எண்ணிக் குறியுங்கள். பிறகு பிள்ளைகள் முன்னிலையில் அல்லாமல் தனியே அமர்ந்து, அவர் கண்டதை முதலில் அவரையே சொல்ல விடுங்கள். அதன்பின் உங்கள் குறிப்பை அவரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு மாற்றத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். வேண்டுமானால் அந்தப் பாடத்தை நீங்களே நடத்திக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் போய் அமருங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். நம் பிள்ளையின் மதிப்பெண் குறைந்தவுடன் ஆசிரியர்மேல் குறை கூறிப் பள்ளி வாசலில் நிற்கிறோம். அந்த ஆசிரியருக்கு இந்த ஆண்டில் யாரேனும் எதையேனும் கற்றுக் கொடுத்தார்களா, துணை நின்றார்களா என்று ஒருநாளாவது கேட்டோமா? ஆசிரியர் வளராத பள்ளியில் பிள்ளை வளர வழியில்லை.

நம் பங்கு விழாக் காணும் இந்நாளில், நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒவ்வொருவரையும் நன்றியோடு நினைப்போம். பூட்ட மறந்த ஓர் அலமாரியின் முன் நின்று, ஆசிரியையைக் கடியாமல் குழந்தைகளைப் பார்த்த அந்த அம்மையாரின் கண்கள், நம் பள்ளிகளில் பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும் கிடைக்க இறைவனை வேண்டுவோம்.